முகாமையாளர் காலமும் வலயக் காலமும்

வலிகாமத்துப் பாடசாலைகள் யாருடையவை என்ற வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கிடைத்து வந்துள்ளது.

1824இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினர். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனாமடத்தில் சைவப் பெண்களுக்காகக் கல்லூரி நிறுவினார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் பல கிராமங்களில் பாடசாலைகளை நடத்தியது. அரசு நன்கொடை வழங்கியது. ஆசிரியைகளை நியமித்தவர் முகாமையாளர். அவருடைய விருப்பு வெறுப்பில் அவர்களது தொழில் தங்கியிருந்தது.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசு வசமாயின. ஆசிரியைகளுக்குத் தொழிற் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் ஊரார் கொடுத்த காணியிலும் கட்டடத்திலும் நடந்த பாடசாலைக்கு அதிபரை நியமிக்கும் உரிமை ஊரை விட்டு அகன்றது.

1987இல் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குக் கல்வி அதிகாரத்தைப் பகிர்ந்தது. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழேயே இருக்கின்றன. இன்று யாழ். மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களுள் வலிகாமமும் ஒன்று. உடுவில், தெல்லிப்பளை, சண்டிலிப்பாய், சங்கானை என்பன அதன் கோட்டங்கள்.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் உடன் பெயர்ந்தன. அரச சம்பளம் ஆசிரியர்களைத் தாங்கியது. கொட்டில் போட்டு வகுப்பு நடத்த இடம் தந்தவர்கள் அயலூர் மக்களே. நிருவாகம் எங்கிருந்தாலும் பாடசாலை ஊரையும் நம்பியே வாழ்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பழைய மாணவியருக்கும் இடமுண்டு. அந்த இருக்கையை நாம் வெறுமையாக விடலாகாது.