எச்.ஐ.வி. உறைப்புரதம்

எச்.ஐ.வி. கிருமியின் மேற்பரப்பில் அக்கிருமிக்கே சொந்தமான புரதம் இது ஒன்றுதான். கிருமியைச் சூழ்ந்துள்ள கொழுப்புப் படலம், அது வெளிப்பட்ட மனித உயிரணுவிலிருந்து எடுத்துக்கொண்டது. சுமார் 850 அமினோ அமிலங்கள் கொண்ட ஜிபி160 என்னும் ஒரே சங்கிலியாக இது உருவாகிறது. பிறகு ஃபியூரின் என்ற மனித நொதி அதை ஜிபி120, ஜிபி41 என இரண்டாக வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகள் வலுவான வேதிப்பிணைப்பு எதுவும் இல்லாமலே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மூன்று இணைகள் சேர்ந்தது ஒரு முள். இன்ஃபுளுவென்சா கிருமியின் மேல் இத்தகைய முட்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, எச்.ஐ.வி.யின் மேல் சராசரியாகப் பதினான்கு அளவிலேயே இருப்பதாக 2006-இல் வெளியான எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு மதிப்பிட்டது. நூல்கள் பலவும் இப்புரதத்தை ஒரு நிலையான வடிவமாகவே வரைந்து காட்டுகின்றன. ஆனால் அதன் வேலையும் தற்காப்பும் அசைவிலேயே அடங்கியுள்ளன. ஆய்வு வரலாறே இதற்குச் சான்று: தெளிவான படம் கிடைத்தபோதெல்லாம் புரதத்தின் ஏதோ ஒரு பகுதி முன்கூட்டியே வெட்டப்பட்டோ கட்டிப்போடப்பட்டோ இருந்தது.

கிருமி 1983-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அது உயிரணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏற்பி சிடி4 என்பது 1984-இல் தெரிந்தது. மரபணு வரிசை 1985-இல் வெளிவந்தது. ஜிபி120-இல் ஐந்து பகுதிகள் கிருமிக்குக் கிருமி பெரிதும் மாறுவதை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கண்டார்கள். 1990-இல் அதன் ஒன்பது டைசல்பைடு பிணைப்புகளும், சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும் இருபத்து நான்கு இடங்களும் வரையறுக்கப்பட்டன. சிடி4 மட்டும் போதாது, சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற துணை ஏற்பியும் வேண்டும் என்பது 1996-இல் உறுதியானது. 1997-இல் ஜிபி41-இன் உட்பகுதியை இரு குழுக்கள் தனித்தனியே படிகமாக்கிப் பார்த்தன. இரண்டுக்கும் ஆறு சுருள்கள் கொண்ட ஒரே கட்டுதான் தெரிந்தது. அது சவ்வுகளை இணைக்கும் வேலை முடிந்த பின்னுள்ள நிலை. அதற்கு முந்தைய நிலையில் ஜிபி41 விசை ஏற்றிய எலிப்பொறியைப் போல இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து பெற்ற ஊகம்.

இவ்வரலாற்றில் மிக விரிவாகப் பதிவாகியிருப்பது 1998-ஆம் ஆண்டு. பீட்டர் குவாங், வெய்ன் ஹென்ட்ரிக்சன், ஜோசப் சோட்ரோஸ்கி ஆகியோரின் குழு ஜிபி120-ஐ 2.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கண்டது. படிகமாக மறுத்த புரதத்தை இணங்க வைக்க, இரு முனைகளையும் நறுக்கினார்கள். மாறும் வளையங்களில் மூன்றை நீக்கினார்கள். சர்க்கரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அகற்றினார்கள். அப்போதும் அது தனியாகப் படிகமாகவில்லை. ஒரு பக்கம் சிடி4-இன் துண்டும், மறுபக்கம் 17பி என்ற எதிர்ப்பொருளின் துண்டும் பிடித்துக்கொண்ட பிறகே அசையாமல் நின்றது. அந்தப் படத்தில் ஓர் இடம் தனியே நின்று பார்க்கத் தக்கது. சிடி4-இன் 43-ஆம் இடத்திலுள்ள பீனைல்அலனின் என்ற ஒற்றை அமினோ அமிலம், ஜிபி120-இல் உள்ள ஆழமான குழியின் வாயை அடைத்து உட்கார்ந்திருக்கிறது. அதன் அருகிலேயே சிடி4-இன் 59-ஆம் இடத்து ஆர்ஜினினும் ஜிபி120-இன் 368-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலமும் ஒன்றையொன்று பற்றியுள்ளன. இவ்வளவு பெரிய தொற்றின் நுழைவு இவ்வளவு சிறிய இடத்தில் நிகழ்கிறது. உள்பாதியையும் வெளிப்பாதியையும் இணைக்கும் நான்கு இழைத் தகடு ஒன்றும் அப்படத்தில் தெரிந்தது. துணை ஏற்பி வந்து சேர்வதில் அதற்குப் பங்குண்டு. சிடி4 தொட்ட பிறகே அது அந்த உருவை முழுமையாகப் பெறுகிறது. முக்கியமான இடத்தைக் கடைசிக் கணம் வரை திறக்காமல் வைத்திருப்பதே கிருமியின் உத்தி.

இந்த விளக்கத்துக்கு 2002-இல் வெப்ப இயக்கவியல் அளவீடுகள் வலுச்சேர்த்தன. ஏற்பி பற்றும் இடத்தை நாடும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும், தளர்ந்து ஆடும் ஜிபி120-ஐ ஒழுங்குக்குள் கொண்டுவருவதிலேயே ஆற்றலை இழக்கின்றன என்று அவை காட்டின. தற்காப்பு முழுவதையும் சர்க்கரைப் போர்வையே செய்துவிடுகிறது, அசைவு துணைக் காரணம்தான் என்று மறுப்போரும் உண்டு. நோயாளியின் உடலிலேயே அப்போர்வை மாறி மாறி எதிர்ப்பொருளை ஏய்ப்பதை 2003-ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது உண்மைதான். ஆயினும் சர்க்கரையற்ற பகுதிகளும் ஏன் எளிதில் சிக்குவதில்லை என்பதற்குப் போர்வை மட்டும் விடை தராது. தனித்த ஜிபி120-ஐக் கொண்டு செய்த தடுப்பூசி அதே 2003-இல் தோற்றதும் இங்கே கருதத்தக்கது.

முழு முள்ளைக் காண அதை இறுக்க வேண்டியிருந்தது. ஜிபி120-ஐயும் ஜிபி41-ஐயும் செயற்கை டைசல்பைடால் பிணைத்து, 559-ஆம் இடத்து அமினோ அமிலத்தைப் புரோலினாக மாற்றி உருவாக்கிய ‘சோசிப்’ வடிவத்தை 2002-இல் ராஜியர் சாண்டர்ஸ், ஜான் மூர் குழு வெளியிட்டது. நைரோபியில் தொற்றுற்ற ஆறு வாரக் குழந்தையிடமிருந்து கிடைத்த கிருமியின் வரிசையை அதற்குப் பயன்படுத்திய பிறகே, 2013-இல் படிக முறையிலும் உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும் முள் தெளிந்தது. அதே ஆண்டில் வேறொரு குழு வெளியிட்ட படம் வெறும் இரைச்சலிலிருந்து எழுந்திருக்கலாம் என்று கண்டிக்கப்பட்டது; அக்குழு அதை ஏற்கவில்லை. கட்டிப்போட்ட முள்ளை உண்மை முள்ளாகக் கொள்ளலாமா என்பது நியாயமான கேள்வி. கிருமியை முடக்கும் எதிர்ப்பொருள்கள் அதைப் பற்றுவதும், முடக்காதவை பெரும்பாலும் பற்றாததும் கொள்ளலாம் என்பதற்கு ஆதரவு. ஆனால் 2014-இல் ஒளிரும் சாயமேற்றிய தனி முட்களைக் கண்காணித்தவர்கள், அது குறைந்தது மூன்று நிலைகளுக்கிடையே மாறிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். உயிருள்ள கிருமியில் மிகுந்திருப்பது முதல் நிலை, சோசிப் காட்டுவதோ இரண்டாம் நிலை என்று 2019-இல் வாதிட்டார்கள். இதில் கருத்தொற்றுமை இல்லை. நுழைவுக்கு எத்தனை முட்கள் தேவை, சவ்வுகள் இணைவது உயிரணுவின் மேற்பரப்பிலா உள்ளே இழுக்கப்பட்ட பையிலா என்பவற்றிலும் மாறுபட்ட முடிவுகள் உள்ளன.

தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் பங்கேற்ற தடுப்பூசிச் சோதனை 2009-இல் 31.2 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. அதை ஒட்டித் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை பலனின்றி 2020-இல் நிறுத்தப்பட்டது. பல வகைக் கிருமிகளை முடக்கும் விஆர்சி01 என்ற எதிர்ப்பொருள் 2010-இல் கண்டறியப்பட்டது. ஜிபி120-ஐப் பெரிதாகக் குலைக்காமல் சிடி4-ஐப் போலவே அது பற்றுகிறது. மருந்துகளும் இக்கட்டுரையின் வாதத்தையே சுட்டுகின்றன. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற என்ஃபுவிர்டைடு, ஜிபி41 மடங்குவதை நடுவழியில் மறிக்கிறது. 2020-இல் அனுமதி பெற்ற ஃபோஸ்டெம்சாவிர், ஜிபி120-ஐ மூடிய நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. இரண்டும் அசைவைத் தடுத்தே பயன் தருகின்றன. தடுப்பூசியாக இப்புரதத்தின் எந்த வடிவமும் இன்னும் அனுமதி பெறவில்லை.