புதிய பயிற்சியாளரும் பழைய அணியும்: சென்னையின் எஃப்.சி.யின் 2019–20 பருவம்

தோற்றுக்கொண்டிருந்த ஒரு கால்பந்து அணி திடீரென்று தலையெடுத்தால், அந்தப் பெருமையைப் புதிதாக வந்த பயிற்சியாளரின் பேரில் எழுதிவிடுகிறோம். இதைச் சோதித்துப் பார்ப்பது கடினம். பயிற்சியாளரோடு ஆட்டக்காரர்களும் மாறிவிடுவதே காரணம். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பொறுப்பேற்ற 2018–19 பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் வென்றது. ஆனால் முன்கள வீரர் பெத்ரோ மான்சி 21 கோல் அடித்ததும் அதே பருவத்தில்தான். யாருக்கு எவ்வளவு பங்கு என்று எப்படிப் பிரிப்பது? சென்னையின் எஃப்.சி.யின் 2019–20 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தில் இந்தச் சிக்கல் பெருமளவு இல்லை. அங்கே ஆட்டக்காரர்கள் இருந்தபடி இருக்க, பயிற்சியாளர் பாதி வழியில் மாறினார்.

முன்கதை சுருக்கமானது. இங்கிலாந்தின் ஜான் கிரெகரி தாம் பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே, 2018 மார்ச்சில், பெங்களூருவை 3–2 என்று வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தார். அடுத்த பருவத்தில் அதே அணி 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தது. 2019–20இன் முதல் ஆறு ஆட்டங்களில் கிடைத்தவை 5 புள்ளிகள், 4 கோல்கள். நவம்பர் இறுதியில் கிரெகரி விலக, ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில் வந்தார். மீதிப் பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் அணி 24 புள்ளிகளும் 28 கோல்களும் எடுத்து நான்காம் இடத்துக்கு ஏறியது. வாங்கிய கோல்களையும் பார்க்க வேண்டும்: முன்பு ஆறு ஆட்டத்தில் 10, பின்பு பன்னிரண்டில் 16. தற்காப்பு ஓரளவே இறுகியது; மாற்றம் நிகழ்ந்தது தாக்குதலில். இருந்த ஆட்களிடம் இருந்த கோலை வெளியே கொண்டுவந்ததுதான் காயில் செய்த வேலை என்பது என் வாதம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கிரெகரி தோற்ற மூன்று ஆட்டங்களும் கோவா, ஏ.டி.கே., பெங்களூரு ஆகிய அணிகளுக்கு எதிரானவை. அந்தப் பருவத்தின் லீக் பட்டியலில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவையும் அவையே. கடினமான பாதையைக் கடந்த பிறகு எந்த அணியும் தானாக நிமிர்ந்திருக்கும் அல்லவா? நியாயமான கேள்வி. ஆனால் அதே மூன்று அணிகளைக் காயிலின் அணியும் லீக்கில் சந்தித்தது. கோவாவிடம் 3–4 என்று தோற்றது, பெங்களூருவோடு கோலின்றிச் சமன் செய்தது, கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3–1 என்று வென்றது. கிரெகரியின் கீழ் இம்மூன்று அணிகளுக்கு எதிராக அடித்த கோல் பூஜ்யம். காயிலின் கீழ் ஆறு. அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6–5 என்று வெளியேற்றியதையும் சேர்த்தால், எளிய எதிரிகள் என்ற விளக்கம் நிற்காது. தாக்குதல் ஆட்டக்காரர்களான வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி எல்லாம் கிரெகரி காலத்தில் வந்தவர்கள்தானே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், அரிசி பருப்பு வாங்கிப் போட்டவர் கிரெகரி. அவருக்குரிய பங்கை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சரக்கை வைத்து அவரால் சமைக்க முடியவில்லை என்பதே இங்கு பேச்சு.

நம் கல்லூரி அணிகளுக்குப் பொருந்துவது அக்பர் நவாஸின் பருவமல்ல, காயிலுடையது. துவாக்குடி என்.ஐ.டி. போன்ற ஒரு கல்லூரியில் பயிற்சியாளர் மான்சியை வரவழைக்க முடியாது. நுழைவுத் தேர்வு அனுப்பும் பையன்களே அவருடைய அணி. நான்காம் ஆண்டு முடிந்ததும் அவர்களும் போய்விடுவார்கள். ஆகவே அவரைக் கோப்பையை வைத்து அளப்பது தவறு. வந்த ஆட்களின் ஆட்டம் அவரிடம் எவ்வளவு மாறியது என்பதையே பார்க்க வேண்டும். அந்த அளவுகோலும் ஒரு பருவத்துக்குத்தான் செல்லும் என்பதற்குக் காயிலே சான்று. 2020 மார்ச் 14 அன்று, பார்வையாளர் இல்லாத கோவா அரங்கில், ஏ.டி.கே.யிடம் 1–3 என்று இறுதியாட்டத்தில் தோற்ற காயில், அந்தப் பருவத்தோடு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2023இல் சென்னைக்குத் திரும்பினார். அதற்கடுத்த இரு பருவங்களில் அணி பிடித்த இடங்கள் ஆறும் பதினொன்றும்.