எம்.டி.எச். ரோட்டு யானைகள்

ஆவடியில் சனி, ஞாயிறுகளில் போட்டித் தேர்வுப் பசங்களுக்குக் கலை, பண்பாடு எடுக்கிறேன். 2013இல் யுபிஎஸ்சி மெயின்ஸ் பாடத்திட்டம் மாறியதிலிருந்து பொது அறிவு முதல் தாள் இந்தியப் பண்பாட்டில்தான் தொடங்குகிறது. கஜபிருஷ்ட விமானத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் வகுப்பே சேர்ந்து சொல்லும்: மாமல்லபுரம் சகாதேவ ரதம். இன்னொன்று? ஐஹொளே துர்க்கை கோயில். அதற்கு மேல் கைடில் இல்லை. சொன்னவர்களில் சிலர் எம்.டி.எச். ரோட்டில் பாடி திருவலிதாயம் கோயிலைத் தாண்டித்தான் பஸ்ஸில் வந்திருப்பார்கள்.

பாடி, திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர், திருவேற்காடு வேதபுரீசுவரர். மூன்றிலும் கருவறையின் பின்சுவர் அரைவட்டமாக வளையும். விமானமும் அதே வளைவில் எழும். படுத்த யானையைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் இருப்பதால் கஜபிருஷ்டத்தைத் தமிழில் தூங்கானை மாடம் என்றார்கள். மூன்றுமே தேவாரத் தலங்கள். முல்லைவாயிலைப் பாடியவர் சுந்தரர், மற்ற இரண்டையும் சம்பந்தர்.

இந்த வடிவத்தின் பூர்வீகம் சைவமல்ல என்றால் சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்ய? கார்லே குகைக்குப் போனால் தெரியும். ஸ்தூபியை வலம் வர வாகாகச் சைத்தியத்தின் பின்பகுதியை வளைத்தார்கள் பௌத்தர்கள். ஆந்திரத்துச் சேஜர்லாவில் அதே அமைப்பு கபோதேசுவரர் கோயிலாக நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் அந்த வடிவத்தை மாமல்லபுரத்தில் சகாதேவ ரதமாக ஒற்றைக்கல்லில் செதுக்கினார்கள். ஐயம் வரக் கூடாதென்றோ என்னவோ, பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தினார்கள்.

தஞ்சையில் சதுர விமானம் வானளாவ எழுந்த பிறகும் தொண்டை மண்டலம் வளைவை விடவில்லை. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் விமானத்தை முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லில் வளைத்துக் கட்டினார்கள். கட்டியவன் ரவி என்ற வீரசோழத் தச்சன். பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கேள்வித்தாளில் மன்னர் பெயரைக் கேட்கிறார்கள், நான் இவன் பெயரைக் கேட்பேன். நேர்ச்சுவருக்குக் கல்லின் முகத்தைச் சமமாக்கினால் போதும். வளைவில் அப்படி முடியாது. அடித்தளத்துக் குமுதம் முதல் மேலே கபோதம் வரை ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்துக்கேற்ற வளைவில் கொத்த வேண்டும். ஒன்று பிசகினாலும் அடுத்த கல் பொருந்தாது.

முல்லைவாயிலுக்குப் பசங்களை அழைத்துப் போனால் பாடம் நடத்துவதில்லை. தெற்குச் சுவர் எங்கே முடிந்து மேற்குச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் கேட்பேன். மூலை இருந்தால்தானே சொல்ல!