நந்தவனத்துக்குக் குளம் எதுக்கு? ஞாயிறு கூட்டத்துக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு



நம்ம கோயில் பின்பக்கத்துக் குளத்தை மூடிட்டு, அந்த இடத்தையும் சேர்த்துக் கார் நிறுத்த விடலாமான்னு வர்ற ஞாயிறு பொதுக்கூட்டத்துல பேசப் போறோம். வாட்சாப் குழுவில ரெண்டு வாரமா இதே பேச்சுதான். அந்தக் குளத்தை வெட்டின தொண்டர்கள் நாங்க. அதனால நாங்க நடுநிலைன்னு சொல்லிக்க மாட்டோம். ஆனா ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி, நந்தவனத்துல குளம் ஏன் வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். பதிவு நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல நம்ம கதை. ஜொகூர்ல 'தோட்டம்'னு சொன்னா பெரியவங்களுக்குப் பூந்தோட்டம் ஞாபகத்துக்கு வராது, ரப்பர் தோட்டம்தான் வரும். கெமாஸ்லேர்ந்து ஜொகூர் பாரு வரைக்கும் ரயில் பாதை 1909-ல முடிஞ்சது. அந்தக் காலத்துலதான் காட்டை அழிச்சு ரப்பர் போட்டாங்க, கங்காணிகள் மூலமா நம்ம ஆட்கள் வந்து சேர்ந்தாங்க. லயம் எங்கே எழும்பிச்சோ அங்கே ஒரு அம்மன் கோயிலோ முனியாண்டியோ வந்துச்சு. இன்னைக்குக் கண்ணாடிக் கோயில்னு உலகமே வந்து பார்க்கிற ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் ஆலயம்கூட 1922-ல ஒரு சின்னக் கொட்டகையா ஆரம்பிச்சதுதான். ஆயிரக்கணக்கான ஏக்கர் செடியை நட்டு வளர்த்தவங்க நம்ம தாத்தா பாட்டிங்க. ஒரு அடி நிலம்கூட அவங்க பேர்ல இல்லை. ஆனாலும் லயத்து வாசல்ல ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, கிணத்தடியில துளசி. வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூ அங்கேயிருந்துதான் போகும். அதுல செம்பருத்தியைத்தான் 1960-ல நாட்டோட தேசிய மலரா ஆக்கினாங்க. அதுக்கு முன்னாடியே அது நம்ம காளியம்மா கழுத்துல இருந்துச்சு!

தோட்டங்களை வித்து, செம்பனையாச்சு, வீடமைப்பாச்சு. நாம டவுனுக்கு வந்தோம். பூவும் கடைக்கு வந்துடுச்சு. மல்லி தமிழ்நாட்டிலேர்ந்து விமானத்துல வருது, சாமந்தி கேமரன் மலையிலேர்ந்து லாரியில வருது. காசு கொடுத்தா கிடைக்குதேன்னு இருந்தோம். 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்போதான் உறைச்சுது. கோயில் கதவு மூடியிருக்கு, உள்ளே குருக்கள் மட்டும் நித்திய பூஜை பண்றார், பூ இல்லை. நம்ம கோயில்ல பூ கட்டுற அம்மா தன் வீட்டுப் பின்னாடி இருந்த செம்பருத்தியையும் அரளியையும் பறிச்சு, காவலர் மேசையில வச்சுட்டு, தூரமா நின்னு கும்பிட்டுட்டுப் போவாங்க. கோயில் பின்பக்கம் நாற்பதடிக்கு இருபத்தஞ்சடி சும்மா கிடந்துச்சு. பழைய பந்தல் கம்பு, உடைஞ்ச நாற்காலி, முட்புல். கட்டுப்பாடு தளர்ந்ததும் நாங்க முதல்ல கை வச்சது அங்கேதான்.

அப்போ எங்களுக்குக் குளம் யோசனையே இல்லை. செடி வச்சாப் போதும்னுதான் நினைச்சோம். பெரிய புராண வகுப்பு எடுக்கிற ஐயாதான் ஒரு கேள்வி கேட்டார்: "முருக நாயனார் எத்தனை வகைப் பூ பறிச்சார், தெரியுமா?" எங்களுக்குத் தெரியலை.

முருக நாயனார் திருப்புகலூர்க்காரர். விடியறதுக்கு முன்னாடி குளிச்சுட்டு, பூக்கூடையோட கிளம்பிடுவார். சேக்கிழார் அவர் பறிச்ச பூவை நாலாப் பிரிச்சுச் சொல்றார். மரக்கிளையில பூக்கிறது கோட்டுப்பூ, கொன்றை மாதிரி. கொடியில பூக்கிறது கொடிப்பூ, முல்லை மாதிரி. தரையோட செடியில பூக்கிறது நிலப்பூ, தும்பை மாதிரி. நாலாவது நீர்ப்பூ. தாமரை, அல்லி, செங்கழுநீர். ஐயா சொன்னது இதுதான்: குளம் இல்லாட்டி உங்க நந்தவனத்துல நாலுல ஒண்ணு இல்லை.

அதுக்கப்புறம் படிக்கப் படிக்க, பழைய ஊர்கள்ல குளத்தையும் பூவையும் கோயில்லேர்ந்து பிரிச்சுப் பார்த்ததே இல்லைன்னு புரிஞ்சுது. திருவாரூரைப் பத்தி ஒரு பழைய கணக்கு சொல்வாங்க. கோயில் ஐந்து வேலி, கமலாலயக் குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி. ஒரு வேலின்னா ஆறரை ஏக்கருக்கும் கொஞ்சம் மேலே. நிலத்தை அளந்து பார்க்கிறவங்க கூடக் குறையச் சொல்லலாம். ஆனா சாமிக்கு எவ்வளவோ, தண்ணிக்கு அவ்வளவு, பூவுக்கு அவ்வளவுன்னு ஒரு ஊர் நினைச்சிருக்கே, அதைப் பாருங்க.

அந்தக் கமலாலயத்தைத் தூர் வாரினவர் தண்டியடிகள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குளம் மண் மூடிக் குறுகிக் கிடந்ததை மனசு தாங்காம, நடுவுல ஒரு கம்பு, கரையில ஒரு கம்பு நட்டு, ரெண்டுக்கும் கயிறு கட்டி, அந்தக் கயிறைத் தடவிக்கிட்டே போய் மண்ணைக் கூடையில அள்ளிக் கொண்டு வந்து கொட்டுவாராம். கேலி பண்ணினவங்க நிறைய. எங்க குழி வெட்டுற வேலை மூணாவது வாரத்துல மழையில நின்னுபோனப்போ, எங்கள்ல ஒருத்தர் இந்தக் கதையை நினைச்சுத்தான் ரெண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டினார். அது அளவுக்காகக் கட்டினதுதான், இருந்தாலும் கட்டினப்போ யாரும் பேசலை.

அப்பர் சுவாமிகளும் இந்தக் கூட்டம்தான். ஏழாம் நூற்றாண்டுல கையில உழவாரத்தோட கோயில் கோயிலாப் புல் செதுக்கினவர். அவரும் முருக நாயனார் இருந்த அதே திருப்புகலூர்லதான் கடைசிக் காலத்துல இருந்தார். உழவாரம் பட்ட இடத்துல பொன்னும் மணியும் வந்து கிடந்துச்சாம். அவர் அதையும் மத்தக் கல்லோட கல்லா எடுத்துக் குளத்துல வீசிட்டார்.

சோழர் கல்வெட்டுகள்ல ராஜா பேர், போர் எல்லாம் இருக்கும்னு நினைப்போம். பாதிக்கு மேல வரவு செலவுக் கணக்குதாங்க. நந்தவனத்துக்குன்னு தனியா எழுதி வச்ச நிலத்துக்குத் 'திருநந்தவனப்புறம்'னு பேர். சாமிக்குச் சாத்துற மாலைக்குத் 'திருப்பள்ளித்தாமம்'னு பேர். தோட்டம் போட்டாப் போதாது, அதைத் தினமும் பார்த்துக்கிற ஆளுக்குச் சோறு எங்கேயிருந்து வரும்னும் யோசிச்சு நிலம் விட்டிருக்காங்க. இது எங்களுக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. நாங்க குளம் வெட்டினோம், தினமும் யார் பார்க்கிறதுன்னு எழுதி வைக்கலை.

இப்போ எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதைக்கு வர்றோம். ஆனந்தாழ்வான். ராமானுஜரோட சீடர். திருமலையில அந்தக் காலத்துல குளிர், காடு, மிருகம். அங்கே தங்கிப் பெருமாளுக்குப் பூ கைங்கரியம் பண்ண யார் போறீங்கன்னு ராமானுஜர் கேட்டப்போ எழுந்து நின்னவர் இவர். கோயிலுக்குப் பின்னாடி நந்தவனம் போட்டு, அதுக்குக் குருநாதர் பேரையே வச்சார். செடிக்குத் தண்ணி வேணுமே, அதுக்காகக் குளம் வெட்டினார். கூலிக்கு ஆள் கிடையாது. இவர் கடப்பாரையால வெட்ட, மனைவி மண்ணைச் சுமந்து கொட்டுவாங்க. அந்த அம்மா அப்போ பிள்ளைத்தாய்ச்சி.

ஒரு பையன் வந்து, "நான் சுமக்கிறேன்"னு கேட்டிருக்கான். ஆனந்தாழ்வான் விரட்டிட்டார். இது எங்க கைங்கரியம், பங்கு கிடையாதுன்னு. பையன் விடலை. வழித் திருப்பத்துல மறைஞ்சு நின்னு, அந்த அம்மா கையிலேர்ந்து கூடையை வாங்கிக் கொட்டிட்டுக் கொட்டிட்டுக் கொடுத்திருக்கான். போனவ இவ்வளவு சீக்கிரம் திரும்புறாளேன்னு சந்தேகப்பட்டுப் பார்த்தவர், கோவத்துல கடப்பாரையை வீசிட்டார். பையன் மோவாய்ல பட்டு ரத்தம். ஓடி மறைஞ்சுட்டான். அப்புறம் சந்நிதியில பார்த்தா பெருமாள் மோவாய்ல ரத்தம் வழியுது. பதறிப்போய்ப் பச்சைக் கற்பூரத்தை வச்சு அழுத்தினாராம். இன்னைக்கும் ஏழுமலையான் மோவாய்ல பச்சைக் கற்பூரம் வைக்கிறதுக்கு இதைத்தான் காரணமாச் சொல்றாங்க. அந்தக் கடப்பாரைன்னு சொல்லி ஒண்ணு மகாதுவாரத்துச் சுவர்ல தொங்குது. அடுத்த தடவை திருப்பதி போறவங்க கூட்டத்துல தள்ளிக்கிட்டுப் போகாம, நுழையும்போது வலது கைப்பக்கம் நிமிர்ந்து பாருங்க.

இந்தக் கதையை நாங்க பல உபன்யாசத்துல கேட்டவங்கதான். ஆனா நாங்களும் அதையே செஞ்சோம். கோயிலுக்கு எதிர்வரிசையில இருக்கிற சீன அங்கிள் வீட்ல நாற்பது வருசமா மீன் வளர்க்கிறார். நாங்க குழி வெட்டுறதைப் பார்த்துட்டு, தண்ணி சுத்துற அமைப்பை நான் பார்த்துத் தரேன்னு வந்தார். "தேங்க்யூ அங்கிள், கோயில் வேலை, நாங்களே பார்த்துக்கறோம்"னு அனுப்பிட்டோம். மரியாதையாத்தான் சொன்னோம். ஆனாலும் விரட்டினது விரட்டினதுதானே.

போன தீபாவளி விடுமுறையில மோட்டார் நின்னுபோச்சு. அஞ்சு நாள் யாரும் பின்பக்கம் போகலை. தண்ணி கெட்டு, மீன் செத்து, ஓரத்துல கொசுப்புழு. யாரோ போன்ல படம் எடுத்துக் குழுவில போட்டுட்டாங்க. போட்டது தப்பில்லை, அது உண்மைதான். அன்னைக்குச் சாயந்திரம் அங்கிள் கேட்காமலே வாளியோட வந்தார்.

கார்பார்க் வேணும்னு சொல்றவங்களை நாங்க குறை சொல்லலை. வெள்ளிக்கிழமை ராத்திரி வயசானவங்களைக் கூட்டிட்டு வர்றவங்க கஷ்டம் எங்களுக்கும் தெரியும். டெங்கியும் விளையாட்டில்லை. ஏடிஸ் கொசு தேங்கின தெளிஞ்ச தண்ணியில முட்டை போட்டா, ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாப் பறக்கும். 1975-ஆம் வருசச் சட்டப்படி, நம்ம இடத்துல புழு இருந்தா பொறுப்பு நம்மளோடதுதான். கோயில்னு விட மாட்டாங்க, விடவும் கூடாது. ஆனா தண்ணி ஓடிக்கிட்டு, கப்பி மீன் பத்திருபது இருந்தா, புழு வளர விடாது. அன்னைக்கு நாங்க தேடினப்போ குளத்தைவிட அதிகமாப் புழு இருந்தது பூத்தொட்டித் தட்டுலயும், பழைய அபிஷேக வாளியிலயும். அந்த வாளி குளம் வெட்டறதுக்கு முன்னாடியிருந்தே அங்கே கிடந்தது.

நடைகல்லைப் பத்தியும் கேட்கிறீங்க. உண்மையைச் சொல்லிடறோம், தனித்தனிக் கல்லா இடைவெளி விட்டுப் பதிக்கிறது நம்ம கோயில் மரபு இல்லை. நம்ம பிராகாரத்துல கல் தளம் இடைவெளியில்லாமப் போகும். இது ஜப்பான்ல பதினாறாம் நூற்றாண்டு வாக்குல தேநீர்க் குடிலுக்குப் போற தோட்டங்கள்ல வளர்ந்த முறை. பாசி மிதிபடாது, கால்ல சேறு ஒட்டாது, கீழே பார்த்து மெதுவா நடந்தாகணும். அங்கிள்தான் படம் காட்டினார். நமக்குச் செருப்பு கிடையாதே, அதனால சில மாத்தம் செஞ்சோம். வழவழப்பான கல் மழையில வழுக்கும்னு கொத்துக்கல்லாப் போட்டோம். உச்சி வெயில்ல சுடும்னு வழியோரம் செண்பகம் வச்சோம். பூ கட்டுற அம்மாவைப் புடவையோட நடக்கச் சொல்லி, அவங்க கால் வச்ச இடத்துல சுண்ணாம்பு போட்டுத்தான் பதினேழு கல்லையும் பதிச்சோம். எங்க நடைக்கு அது கொஞ்சம் கிட்ட கிட்டதான் இருக்கு. பரவாயில்லை, தினமும் பூப்பறிக்கப் போறது அவங்கதான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். நாங்க வைக்கப் போற தீர்மானம்: குளம் இருக்கட்டும், சுத்தி இடுப்பளவு கம்பி வேலி போடலாம், ஏழு நாளைக்கு ஏழு குடும்பம் முறை போட்டு எழுதிச் சுவர்ல ஒட்டலாம், தொட்டித் தட்டு வாளி எல்லாத்தையும் அகற்றிடலாம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இன்னும் ஆள் கிடைக்கலை. வேணாம்னு நினைக்கிறவங்களும் கட்டாயம் வாங்க, ஒன்பது மணிக்கே வந்தா பின்பக்கம் ஒரு தடவை நடந்து பார்த்துட்டு உள்ளே போகலாம். ரெண்டு தாமரை மொட்டு விட்டிருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள விரியும்னு பூ கட்டுற அம்மா சொல்றாங்க. அங்கிளையும் வரச் சொல்லியிருக்கோம். வர்றேன்னு சொல்லியிருக்கார்.