பெட்டிக்குள் அடங்கும் எழுத்து: கைப்பேசி லேபிள்களின் வரலாறு

முன்னுரை

கைப்பேசிச் செயலியில் பொத்தானின் மேலும், பட்டியலின் தலைப்பிலும், படத்தின் கீழும் காணப்படும் சிறு எழுத்துத் தொடர் லேபிள் எனப்படும். மென்பொருள் எழுதுவோர் ஒவ்வொரு லேபிளுக்கும் திரையில் ஒரு பெட்டியை ஒதுக்குகின்றனர். பெட்டியின் கோடுகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சொல் அதற்குள் அடங்காதபோது அப்பெட்டி இருப்பது தெரிந்துவிடும்.

எனக்கு அது தெரிய வந்தது இப்படித்தான். கண்புரை காரணமாகக் கைப்பேசியில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். ஒரு நாள் மகளுக்குப் பணம் அனுப்பியபோது, "பணம் அனுப்பப்ப…" என்பதோடு திரையில் செய்தி நின்றுவிட்டது. அனுப்பப்பட்டதா, அனுப்பப்படவில்லையா? இல்லை என்று எண்ணி மீண்டும் அனுப்பினேன். சற்று நேரத்தில் மகள் அழைத்து, "ஏம்ப்பா ரெண்டு தடவை அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்டாள். சொல்லின் கடைசி மூன்று எழுத்துகள் பெட்டிக்குள் அடங்காததன் விலை அது.

பெட்டிக்கு ஏற்ப எழுத்தைச் சுருக்குவதா, எழுத்துக்கு ஏற்பப் பெட்டியை வளர்ப்பதா என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி ஆகும்.

அச்சுக்கூடத்தில் தொடங்கிய கேள்வி

இக்கேள்வி கைப்பேசியோடு பிறந்தது அன்று. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் ஒவ்வோர் எழுத்தளவுக்கும் தனித்தனி அச்சு வார்க்க வேண்டியிருந்தது. அளவு 'பாயின்ட்' என்ற அலகால் குறிக்கப்பட்டது. ஏறத்தாழ 72 பாயின்ட் ஓர் அங்குலம். தலைப்பு வரியில் இடம் போதாவிட்டால் அச்சுக்கோப்பவர் சிறிய அச்சை எடுப்பார். அல்லது ஆசிரியரிடம் சொல்லைக் குறைக்கச் சொல்வார்.

தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. எனவே தாள் மிகுதியாகச் செலவாயிற்று. தாளோ எளிதில் கிடைக்காத பொருள். ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணி 1715இல் நிறைவுற்றது. இடத்துக்காக எழுத்து சிறிதான கதை இது. ஆனால் சிறிய எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்று அச்சிட்டவர்களே தாளை எடுத்துப் பார்க்க முடிந்தது. செயலியை எழுதுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவருடைய லேபிள் எந்தத் திரையில், எந்த மொழியில், எவர் கண்முன் தோன்றும் என்பது அவருக்கு முன்கூட்டித் தெரியாது.

புள்ளித் திரைக் காலம்

2000ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 3310 கைப்பேசியின் திரையில் அகலவாக்கில் 84 புள்ளிகளும் உயரவாக்கில் 48 புள்ளிகளுமே இருந்தன. அத்தகைய கைப்பேசிகளில் எழுத்துகள் புள்ளிக் கோலம்போல் வரையப்பட்டிருந்தன. ஓரளவில் வரைந்த கோலத்தைச் சற்றே சுருக்கினால் உருவம் சிதைந்துவிடும். எனவே எழுத்தளவை மாற்றுவது என்ற வழியே பெரும்பாலும் இல்லை. இடம் போதாவிட்டால் சொல்லைக் குறுக்க வேண்டும்.

எழுத்தின் புறவரைகோட்டைக் கணக்காகச் சேமித்து, வேண்டிய அளவில் வரைந்துகொள்ளும் முறை கணினிகளில் முன்பே வந்திருந்தது. 1980களில் தோன்றிய போஸ்ட்ஸ்கிரிப்ட்டும், 1991இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ட்ரூடைப்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. இம்முறை கைப்பேசிக்கும் வந்தபோது எழுத்தை எந்த அளவுக்கும் சுருக்க முடிந்தது. சுருக்க முடியும் என்பதாலேயே சுருக்குவது வழக்கமாயிற்று.

ஐபோனும் மூன்று வழிகளும்

2007இல் வெளிவந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம்; புள்ளிகள் 320க்கு 480. வெளியார் செயலி எழுதுவதற்கான கருவித்தொகுப்பு 2008இல் வழங்கப்பட்டது. அதில் எழுத்தைக் காட்டுவதற்கென அமைந்த உறுப்பின் பெயர் யுஐலேபிள். தனியாக ஏதும் சொல்லாவிட்டால் அது 17 பாயின்ட் அளவில் எழுதும். பெட்டியில் சொல் அடங்காவிட்டால் அதற்கு மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, வெட்டுதல். அடங்கும் வரை எழுதி, முடிவில் மூன்று புள்ளிகள் இடுவது. இரண்டாவது, மடித்தல். எஞ்சிய சொற்களை அடுத்த வரிக்குக் கொண்டு செல்வது. மூன்றாவது, சுருக்குதல். அகலத்துக்குள் அடங்கும் வரை எழுத்தளவைக் குறைப்பது. எவ்வளவு வரை குறைக்கலாம் என்ற கீழெல்லையையும் செயலியை எழுதுபவர் குறிப்பிடலாம். தொடக்கத்தில் இந்த எல்லை பாயின்ட் கணக்கில் இருந்தது. 2012இல் ஐஓஎஸ் 6 வந்தபோது அது விகிதமாக மாற்றப்பட்டது. விகிதம் 0.5 என்றால் 17 பாயின்ட் எழுத்து 8.5 வரை இறங்கலாம்.

சுருக்கும் வழி எளிது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. அருகருகே மூன்று பொத்தான்கள் இருந்து, ஒன்றில் மட்டும் நீண்ட சொல் இருந்தால், அது மட்டும் சிறுத்து நிற்கும். கரும்பலகையில் இடம் தீர்ந்தபின் ஓரத்தில் நெருக்கி எழுதிய சொல்லைப் போல அது காட்சி தரும்.

ஆண்ட்ராய்டின் அலகுகள்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் 2008 முதல் விற்பனைக்கு வந்தன. பல நிறுவனங்கள் பல அளவுத் திரைகளோடு அவற்றைச் செய்ததால், புள்ளிக் கணக்கில் எழுத்தளவைச் சொல்வது பொருந்தவில்லை. ஒரு கைப்பேசியில் பெரிதாகத் தெரியும் 20 புள்ளி, நெருக்கமான புள்ளிகள் கொண்ட மற்றொன்றில் மிகச் சிறிதாகத் தெரியும். ஆகவே 'டிபி', 'எஸ்பி' என்ற இரு அலகுகள் பயன்பாட்டுக்கு வந்தன. அங்குலத்துக்கு 160 புள்ளிகள் உள்ள திரையில் ஒரு டிபி என்பது ஒரு புள்ளி. எஸ்பி அதைப் போன்றதே. ஆனால் பயனர் தம் கைப்பேசியில் தேர்ந்தெடுத்த எழுத்தளவுக்கு ஏற்பக் கூடவும் குறையவும் செய்யும். எனவே பெட்டியை டிபியிலும் எழுத்தை எஸ்பியிலும் அளப்பது முறையாயிற்று. இங்கேயே ஒரு சிக்கலும் பிறந்தது. பயனர் எழுத்தைப் பெரிதாக்கினால் எழுத்து வளரும். டிபியில் உயரம் குறிக்கப்பட்ட பெட்டி வளராது.

பெட்டிக்கேற்ப எழுத்தளவைத் தானே அமைக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2017இல், 8.0 பதிப்பில் வந்தது. தனியாகச் சொல்லாவிட்டால் அதன் எல்லைகள் 12 எஸ்பி முதல் 112 எஸ்பி வரை ஆகும். பொருந்தும் அளவை அது கண்டுபிடிக்கும் முறை மாணவர்கள் அறியத்தக்கது. 112, 111, 110 என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்பதில்லை. நடுவிலுள்ள அளவை முதலில் சோதிக்கிறது. அடங்கினால் மேல்பாதியிலும், அடங்காவிட்டால் கீழ்ப்பாதியிலும் தேடுகிறது. 101 அளவுகள் இருந்தாலும் ஏழு சோதனைகளுக்குள் விடை கிடைத்துவிடும். அகராதியில் சொல் தேடும்போது நாம் நடுப்பக்கத்தைத் திறப்பதும் இதே முறைதான்.

இவ்வசதியைப் பயன்படுத்தும்போது பெட்டியின் அளவை எழுத்திடமே விட்டுவிடக் கூடாது என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டி எச்சரிக்கிறது. எழுத்து பெட்டியைப் பார்த்தும், பெட்டி எழுத்தைப் பார்த்தும் தம் அளவை முடிவு செய்யக் காத்திருந்தால் சரியான விடை கிடைக்காது. இரண்டில் ஒன்று நிலையாக இருக்க வேண்டும்.

பெட்டி வளரத் தொடங்கியது

அந்த நிலையானது பெட்டியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஐஓஎஸ் 6இல் 2012ஆம் ஆண்டு 'ஆட்டோ லேஅவுட்' என்ற முறை கைப்பேசிக்கு வந்தது. இம்முறையில் லேபிளுக்கு இத்தனை அகலம், இத்தனை உயரம் என்று எண்ணால் கூற வேண்டியதில்லை. லேபிள் தன் சொல்லுக்குத் தேவையான அளவைத் தானே அறிவிக்கும். தேவைக்கு மேல் விரியாமலிருக்கும் இயல்பும், தேவைக்குக் கீழ் நசுங்காமலிருக்கும் இயல்பும் அதற்கு உண்டு. எந்த இயல்புக்கு எவ்வளவு முதன்மை என்பதைச் செயலியை எழுதுபவர் முடிவு செய்வார். இடநெருக்கடி வந்தால் எந்த லேபிள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதனால் தெளிவாகும்.

இதன் தேவையை மொழிபெயர்ப்பு உணர்த்தியது. 'செட்டிங்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லில் 8 எழுத்துகள் உள்ளன. அதற்கு ஈடான 'ஐன்ஸ்டெல்லுங்கன்' என்ற ஜெர்மன் சொல்லை அம்மொழியில் எழுத 13 எழுத்துகள் வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து தைத்த சட்டை மற்ற மொழிகளுக்குப் பொருந்தாது என்பது எல்லா நாடுகளிலும் தெரிய வந்தது.

அடுத்த மாற்றம் படிப்பவரை நோக்கியது. 2013இல் ஐஓஎஸ் 7 'டைனமிக் டைப்' என்ற வசதியைத் தந்தது. பயனர் தமக்கு வேண்டிய எழுத்தளவை ஓரிடத்தில் அமைத்தால், அவ்வசதியை ஏற்கும் செயலிகள் அனைத்தும் அதன்படி நடக்கும். வழக்கமாக 17 பாயின்ட் உள்ள உரை, பார்வைக் குறைபாடு உடையோருக்கான மிகப் பெரிய அமைப்பில் 53 பாயின்ட் ஆகிறது. ஆண்ட்ராய்டில் 2023இல் வந்த 14ஆம் பதிப்பு 200 விழுக்காடு வரை எழுத்தைப் பெரிதாக்க இடம் தந்தது. அதில் சிறிய எழுத்து நன்கு பெரிதாகும்; ஏற்கெனவே பெரிதாக உள்ள தலைப்பு அதே விகிதத்தில் பெரிதாகாது. ஐஓஎஸ் 16இல் 2022ஆம் ஆண்டு வந்த ஒரு வசதியோ, பல வடிவமைப்புகளை வரிசையாகத் தந்தால், இடத்தில் அடங்கும் முதல் வடிவமைப்பைத் தேர்ந்துகொள்கிறது. எழுத்தைச் சுருக்குவதற்குப் பதிலாகக் கிடைமட்ட வரிசையைச் செங்குத்து வரிசையாக மாற்ற இதனால் முடிகிறது.

தமிழ் எழுத்தின் நிலை

தமிழுக்கு இதில் மூன்று தனிச் சிக்கல்கள் உள்ளன.

முதலாவது நீளம். எழுத்துகளை எண்ணி நீளத்தைக் கணிக்க இயலாது. 'அமைப்புகள்' என்ற சொல்லில் நாம் எண்ணுவது 6 எழுத்துகள். யூனிகோடில் அது 10 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அது கொள்ளும் அகலமோ இவ்விரண்டையும் சார்ந்ததன்று. 'ண', 'ழ' போன்றவை அகலமானவை, 'ர' ஒடுக்கமானது. 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஆகவே எழுத்துருவைக் கொண்டு வரைந்து அளப்பதே சரியான வழி. குறியீடுகளை எண்ணி வெட்டினால் புள்ளி மட்டும் தனியே வெட்டுப்பட்டு, 'பணம்' என்பது 'பணம' ஆகிவிடும்.

இரண்டாவது உயரம். மெய்யெழுத்தின் புள்ளியும் 'கீ', 'ழீ' போன்றவற்றின் வளைவும் மேலே எழுகின்றன. 'ழு', 'ரூ', 'ஞ' போன்றவை கீழே இறங்குகின்றன. ஆங்கில எழுத்துக்கு அளந்த வரி உயரத்தில் இவை வெட்டுப்படும். இதற்காக இடைமுகத்துக்கென்றே, ஆங்கில உயரத்துக்குள் ஒடுக்கப்பட்ட எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. கூகுளின் நோட்டோ குடும்பத்தில் தமிழுக்கும் அவ்வாறு ஒரு வடிவம் உண்டு. ஒடுக்காத வடிவத்தையும் கூடுதல் வரி உயரத்தையும் வேண்டிப் பெறும் வசதியை 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 தந்தது. ஆனால் செயலியை எழுதுபவர் கேட்டால்தான் கிடைக்கும். பத்து ஆண்டுகளுக்குப் பின், 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15இல் இது தலைகீழாயிற்று. அப்பதிப்பை இலக்காகக் கொண்டு எழுதப்படும் செயலிகளில், தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்கு முழு உயரமே இயல்பு நிலை ஆயிற்று. பெட்டி எழுத்துக்கு வழிவிட்ட தருணம் என்று இதைக் கூறலாம்.

மூன்றாவது இலக்கணம். மூன்று புள்ளி இட்டு முடிவை வெட்டும் வழக்கம் ஆங்கிலச் சூழலில் பிறந்தது. ஆங்கிலத் தொடரில் மறுப்பைக் காட்டும் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னரே வந்துவிடும். தமிழில் காலம், இடம், எதிர்மறை ஆகியவற்றைப் பெரும்பாலும் சொல்லின் பிற்பகுதியில் வரும் இடைநிலைகளும் விகுதிகளுமே காட்டுகின்றன. 'அனுப்பப்பட்டது', 'அனுப்பப்படவில்லை' இரண்டும் 'அனுப்பப்ப…' வரை ஒன்றே. 'நீக்க வேண்டும்', 'நீக்க வேண்டாம்' இரண்டும் 'நீக்க வேண்…' வரை ஒன்றே. வெட்டப்படுவது சொல்லின் வால் அன்று; சொல்லின் பொருள்.

முடிவுரை

தாளைச் சேமிக்கத் தரங்கம்பாடியில் எழுத்து சிறிதாயிற்று. திரை சிறியதாக இருந்ததால் கைப்பேசியிலும் அதுவே நடந்தது. ஆனால் 2012 முதல் வந்த மாற்றங்கள் பெரும்பாலும் எதிர்த்திசையில் சென்றுள்ளன. பெட்டி வளரவும், வரி மடியவும், படிப்பவரின் தேர்வு மதிக்கப்படவும் வழிகள் பிறந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்துவது செயலி எழுதுவோரின் கையில் உள்ளது.

செயலி உருவாக்கக் கற்கும் மாணவர்கள் வரிசைமுறை ஒன்றை நினைவில் கொள்ளலாம். முதலில் பெட்டியை வளரவிடுக. வளர இடமில்லையேல் இரண்டாம் வரிக்கு மடிக்குக. அதற்கும் இடமில்லையேல் குறுகிய சொல்லைத் தேடுக: 'அனுப்பப்பட்டது' என்பதற்குப் 'போய்விட்டது' போதும், 'அனுப்பப்படவில்லை' என்பதற்குப் 'போகவில்லை' போதும். பிறகே எழுத்தைச் சிறிது சுருக்கலாம். வெட்டுவது கடைசி வழி. பணம், மருந்து, ஒப்புதல் பற்றிய செய்திகளில் அதுவும் கூடாது. எழுதி முடித்தபின் கைப்பேசியின் மொழியைத் தமிழாக்கி, எழுத்தளவை மிகப் பெரியதாக வைத்து, ஒவ்வொரு திரையையும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது இன்னும் நன்று.