மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம்

சிறுநீர்ப்பெருக்கி உட்பட மூன்று மருந்துகளை முழு அளவில் தந்தும் 140/90க்குக் கீழே இறங்காதது மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம். இந்திய இளைஞர்களிடம் இதற்கு ஒரு முக்கியக் காரணம், மகாதமனியையும் கிளைகளையும் சுருக்கும் தகயாசு அழற்சி. சிறுநீரகத் தமனி குறுகினால் ரெனின் என்ற நொதி பெருகி அழுத்தம் ஏறும். கைத் தமனி குறுகினால், சிலருக்கு ஒரு கையில் நாடியே கிடைக்காது. அந்தக் கையில் அளந்தால் அழுத்தம் குறைவாகவே காட்டும். கை, கால் நான்கிலும் அளக்காமல் மாத்திரையை மட்டும் கூட்டுவது அரைகுறை மருத்துவம்.

குறுகிய தமனியை விரிப்பதும் ஒரு சிகிச்சை. சூரிச்சில் 1978இல் குருண்ட்சிக் என்ற மருத்துவர் சிறுநீரகத் தமனியைப் பலூனால் விரித்தார். திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் அளித்த கட்டடத்தில் உருவான திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், தகயாசு நோயாளிகளின் தமனிகளைப் பலூனால் விரித்த அனுபவத்தை 1990களில் மருத்துவ இதழ்களில் பதிவுசெய்தது. அழற்சி அடங்காவிட்டால் தமனி மீண்டும் சுருங்கும். அதனால் ஸ்டீராய்டும் தேவைப்படுகிறது.