உடனிருப்பவருக்கு ஒரு கட்டம்

அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். படிவத்தில் எதற்குக் கட்டம் போட்டிருக்கிறதோ அதுதான் அரசாங்கத்தின் கண்ணில் படும். கட்டம் இல்லாத துன்பத்தை மேலே எழுதி அனுப்ப வழியில்லை.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், வயது, நோய், சேர்ந்த தேதி, வீட்டுக்கு அனுப்பிய தேதி எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அந்த நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தவர், இரவில் மூன்று முறை எழுந்து தண்ணீர் கொடுத்தவர், அவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா, அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுத இடம் கிடையாது. அந்தக் கட்டம் உலகத்தில் மெல்ல மெல்ல எப்படி உண்டாயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏறக்குறைய 150 ஆண்டுக் கதை. நம் வயதுக்காரர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. நம்மில் சிலர் இன்று நோயாளி; சிலர் அந்த நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பவர்.

தொடக்கம் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-இல் கிரீமியப் போரின்போது துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். கையில் விளக்கோடு வார்டு வார்டாகச் சுற்றிவந்த படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்போம். ஆனால் அவர் விளக்கை ஏந்தியதைவிடப் பேரேட்டை ஏந்தியதே அதிகம். எத்தனை பேர் காயத்தால் இறந்தார்கள், எத்தனை பேர் அழுக்காலும் தொற்றுநோயாலும் இறந்தார்கள் என்று கணக்கெடுத்துப் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் முன் வைத்தார். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1860-இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரியான படிவங்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய யோசனை முன்வைக்கப்பட்டது. படிவங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இந்த அம்மையார் மேல் எனக்குத் தனி மரியாதை.

மருத்துவமனைகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. லண்டனில் 15 மருத்துவமனைகளில் வேலை பார்த்த செவிலியர்களின் மரணக் கணக்கு அது. தொற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம் நகரத்தின் மற்றப் பெண்களைவிட அவர்களிடையே அதிகம் என்று அதில் தெரிந்தது. நோயாளியைக் குணப்படுத்துகிற இடம், பார்த்துக்கொள்கிறவரைக் கொன்றுகொண்டிருந்தது. பார்ப்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஆதிப் பதிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே பிரான்சில் என்ன நடந்தது என்று பார்க்காமல் மனம் நகராது. அங்கே மருத்துவமனைகள் வெகுகாலம் கன்னியாஸ்திரிகள் கையில் இருந்தன. நோயாளிக்குச் செய்கிற சேவை கடவுளுக்குச் செய்கிற சேவை. கடவுளுக்குச் செய்கிறவர் களைப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? பூர்ன்வீல் என்ற மருத்துவர், பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள் அந்த வேலைக்கு வர வேண்டும் என்று போராடி, 1878-இல் பாரீஸ் மருத்துவமனைகளான சால்பெத்ரியேரிலும் பிசேத்ரிலும் செவிலியர் பள்ளிகளைத் தொடங்கவைத்தார். பாரீஸின் பழம்பெரும் மருத்துவமனையான ஓத்தெல்-தியேவிலிருந்து கடைசிக் கன்னியாஸ்திரிகள் வெளியேறியது 1908-இல்.

இதற்கு நடுவில் ஒரு பெண்மணி வருகிறார். பெயர் அன்னா ஹாமில்டன். மருத்துவம் படித்தவர். 1900-இல் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு எந்த நோயைப் பற்றியும் அல்ல. மருத்துவமனைச் செவிலியர்களைப் பற்றியது. அடுத்த ஆண்டு பொர்தோ நகரத்துப் புராட்டஸ்டண்டு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்று, நைட்டிங்கேல் முறைப்படி ஒரு செவிலியர் பள்ளியை அங்கே வளர்த்தார். செவிலியர்களுக்கு அரசாங்கமே சான்றிதழ் தரும் ஆணை பிரான்சில் வந்தது 1922 ஜூன் மாதத்தில். தியாகம் என்று சொல்லப்பட்டது தொழில் ஆயிற்று. தியாகத்துக்கு வேலைநேரம் கிடையாது, தொழிலுக்கு உண்டு. அதனால் இந்த மாற்றம் பெரியது.

ஆனால் தொழிலாக ஆனபின்பும் மனத்தின் பாரத்தை யாரும் எடைபோடவில்லை. அதைச் செய்தவர் இசபெல் மென்சீஸ் என்ற மனோதத்துவ நிபுணர். லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையில் ஆய்வு செய்து 1960 வாக்கில் வெளியிட்டார். பயிற்சிக்கு வந்த மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேர் பாதியில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சம்பளமும் விடுமுறையும் மட்டும் காரணமாக அவருக்குத் தோன்றவில்லை. இளம் வயதுப் பெண்கள் தினமும் வலியையும் சாவையும் பக்கத்தில் பார்க்கிறார்கள். அந்தக் கலக்கத்தைப் பேசித் தீர்க்க இடமில்லாததால், மருத்துவமனை அதை மறைக்கும் வழிகளை உண்டாக்கி வைத்திருந்தது. ஒரே செவிலி ஒரே நோயாளியோடு அதிக நேரம் இராதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலும் கெட்டுப்போன உறுப்பாலும் குறிப்பிட்டார்கள். ஒரு சின்ன முடிவையும் ஒருவர் எடுக்காமல் பலர் சரிபார்த்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கோப்பு ஐந்து மேஜை தாண்டி ஐந்து சுருக்கொப்பம் வாங்குவது எதற்காக என்று அலுவலகத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். தவறு நேர்ந்தால் ஒருவர் தலையில் விழக்கூடாது என்பதற்காக. மருத்துவமனையில் இதற்குக் கொடுத்த விலை வேறு. செவிலிக்குத் தன் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனார் என்ற மனநிறைவுகூடக் கிடைக்காமல் போயிற்று. பயத்தை அடைக்கப் போட்ட கதவு சந்தோஷத்தையும் அடைத்துவிட்டது.

1974-இல் நியூயார்க்கில் ஃபிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ மருத்துவர், பிறருக்கு உதவும் வேலையில் இருப்பவர்கள் எரிந்து தீர்ந்துபோகும் நிலைக்கு 'பர்ன்அவுட்' என்ற பெயரைக் கொடுத்துக் கட்டுரை எழுதினார். 1981-இல் மாஸ்லாக், ஜாக்சன் என்ற இரு பெண்மணிகள் அதை அளக்க ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் மனிதராகவே தெரியாமல் போவது, நாம் எதையும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது என்று மூன்று கூறுகள். பெயர் கிடைத்தது, அளவுகோலும் கிடைத்தது.

அதன்பின் வந்ததுதான் பெரிய கணக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிண்டா எய்கன் என்ற செவிலியர் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள். 10,184 செவிலியர்களிடம் கேள்வி கேட்டார்கள். அறுவைசிகிச்சை செய்துகொண்ட 232,342 நோயாளிகளின் பதிவுகளை அதோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் இன்னும் ஒரு நோயாளியைக் கூட்டினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அந்தச் செவிலியர் எரிந்து தீர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. நாலு நோயாளிக்கு ஒருவர் என்பது எட்டு நோயாளிக்கு ஒருவர் என்று ஆனால் மரண வாய்ப்பு 31 சதவீதம் கூடும்.

பார்ப்பவரின் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கலிபோர்னியா மாநிலம் 1999-இலேயே ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டம் இயற்றி, 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இதுவரை சொன்னது சம்பளம் வாங்கிப் பார்ப்பவர்களைப் பற்றி. சம்பளம் இல்லாமல் வீட்டில் பார்க்கிறார்களே, மனைவி, மகள், மருமகள், சில வீடுகளில் கணவன், அவர்கள் கணக்கு இன்னும் தாமதமாகத்தான் எழுதப்பட்டது.

1980-இல் ஸ்டீவன் சாரிட் என்பவரும் இரு துணை ஆய்வாளர்களும் நினைவு தப்பிய 29 முதியவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களையும் ஆராய்ந்தார்கள். நோய் முற்ற முற்ற, நோயாளியின் தொந்தரவு கூடக் கூட, பார்ப்பவரின் பாரமும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். கணக்கு அப்படி வரவில்லை. நோயாளி எவ்வளவு படுத்துகிறார் என்பதற்கும் பார்ப்பவர் உணரும் பாரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது ஒன்றோடுதான்: மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்துபோகிறார்கள் என்பது. அடிக்கடி வந்துபோகிற வீட்டில் பாரம் குறைவு. 29 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அந்த ஆய்வில் பிறந்த கேள்வித்தாள் இன்றைக்கும் பல நாடுகளில் பயன்படுகிறது.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. என் மாமியார் நினைவு தப்பிய நிலையில் எங்கள் வீட்டில் 4 ஆண்டுகள் இருந்தார். பார்த்துக்கொண்டது என் மனைவி. வருகிறவர்கள் எல்லாரும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வில்லியனூரிலிருந்து வரும் அவளுடைய தங்கை மட்டும் செருப்பைக் கழற்றும்போதே "அக்கா, நீ போய்ப் படு" என்பாள். இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துத்தான் மற்ற ஆறு நாளும் ஓடின.

தூக்கமும் துணையும் இல்லாமற் போனால் உடம்பு என்ன ஆகும்? 1995-இல் ஒஹையோவில் கீகோல்ட்-கிளேசர் என்ற பெண்மணி தலைமையில் ஒரு சோதனை நடந்தது. நினைவு தப்பிய உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்கள். அதே வயதில், அந்தப் பாரம் இல்லாத 13 பெண்கள். எல்லார் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்னப் புண்ணை உண்டாக்கி, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சராசரியாக 9 நாள் அதிகமாகத் தேவைப்பட்டது. கவலை மனத்தோடு நிற்பதில்லை, தோலில்கூடத் தெரிகிறது.

1999-இல் வந்த இன்னொரு ஆய்வு நம் வயதுக்காரர்களைப் பற்றியது. ஷுல்ஸ், பீச் என்ற இருவர், 66 வயது முதல் 96 வயது வரையுள்ள தம்பதிகளை 4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். துணைவரைப் பார்த்துக்கொண்டு அதனால் நொந்துபோயிருந்தவர்கள், அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இறந்திருந்தார்கள். பார்த்துக்கொண்டும் நொந்துபோகாதவர்களிடம் அப்படிப்பட்ட உயர்வு உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே கொல்வது பணிவிடை அல்ல. தாங்க முடியாத அளவுக்கு அது ஒருவர் தலையில் விழுவதுதான்.

பிரான்சில் 2015 டிசம்பரில் வந்த ஒரு சட்டம், வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு 'எதான்' என்ற பெயரைக் கொடுத்து, 'ரெப்பி'க்கு, அதாவது இளைப்பாறுதலுக்கு, உரிமை உண்டு என்று எழுதியது. நம் நாட்டில் 2007-இல் வந்த பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் யார் யாரைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று சொல்கிறது. அதுவும் வேண்டியதுதான். காப்பாற்றுகிறவருடைய இளைப்பாறுதலுக்கு அதில் இடமில்லை. கடமை, புண்ணியம், கொடுத்துவைத்தவள் என்ற சொற்களால் நாம் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறோம். முன்பு பிரான்சில் கன்னியாஸ்திரிகளின் களைப்பை மறைத்ததும் இதே வகைச் சொற்கள்தான்.

சட்டம் வருகிறபோது வரட்டும். நம்மால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீடு உங்கள் தெருவிலோ உறவிலோ இருந்தால், அடுத்த முறை போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் விசாரித்துவிட்டு வராதீர்கள். வந்தவருக்குக் காபி போடுவது அந்த அம்மாவுக்கு இன்னொரு வேலை. குடித்துவிட்டே போங்கள். போய், "இரண்டு மணி நேரம் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் போய்ப் படுங்கள்" என்று சொல்லுங்கள். முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாவது முறையும் சொல்லுங்கள்.